அடுப்படியும் குடிலும்

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு தனிச் சுறுசுறுப்பும் உடன் பிறந்துவிடுகிறது. பரணில் கிடந்த குடில் பொம்மைப் பெட்டி கீழே இறங்குகிறது. சென்ற ஆண்டு கால் உடைந்த ஆட்டுக்குட்டியை ஒட்டவைக்கப் பிள்ளைகள் பசை தேடுகிறார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லப்படுகிறது. 'பத்தாம் தேதிக்கு மேல் துணி வாங்கமாட்டேன்' என்று தையற்காரர் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார். மாவு மில்லில் கூட்டம் நெரிகிறது. இரவானால் கீத பவனிக் குழுவின் பாட்டும் தாளமும் தெருமுனையில் கேட்கின்றன. இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. மனிதனாகப் பிறந்த இறைமகனின் விழாவை மனிதர்க்குரிய முறையில் ஆடையும் விளக்கும் இனிப்பும் கொண்டு கொண்டாடுவதில் தவறேதும் இல்லை.

ஆயினும், யாருடைய பிறப்பை முன்னிட்டு இத்தனை ஏற்பாடுகளும் நடைபெறுகின்றனவோ, அவரோடு பேசுவதற்கு மட்டும் நேரம் கிடைப்பதில்லை என்று நம்மில் பலர் ஆண்டுதோறும் வருந்துகிறோம். 'விழாக் காலத்திலும் செபத்தை விடாதீர்கள்' என்னும் அறிவுரையும் ஆண்டுதோறும் நம் காதில் விழுகிறது. அதை மீண்டும் ஒருமுறை கூறுவது நம் நோக்கமன்று. சென்ற ஆண்டு ஓர் அம்மையார் கூறிய சொல் நம் உள்ளத்தைத் தைத்து, இன்றுவரை அகலாமல் நிற்கிறது. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இம்மாதம் எழுதுகிறோம்.

விழாவுக்கு முந்திய மாலை

சென்ற ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் மாலை நண்பர் ஒருவருடைய இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கடலோரப் பங்கு ஒன்றில் பலரும் மதிக்கும் குடும்பம் அது. நண்பர் பங்குப் பேரவையில் பொறுப்பு வகிப்பவர். மகன் பாடகர் குழுவில் இருப்பவன். மகள் மறைக்கல்வி வகுப்பில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவள். முன்னறையில் வைக்கோல் வேய்ந்த அழகிய குடில் ஒன்று அமைந்திருந்தது. நண்பர் நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியில் வந்து குவிந்த வாழ்த்துகளுக்கு ஒவ்வொன்றாக மறுமொழி அனுப்பிக்கொண்டிருந்தார். விளக்குச் சரத்தில் எரியாத பல்பைத் தேடிக்கொண்டிருந்தான் மகன். மகள் புத்தாடைக்குப் பொருத்தமான வளையல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்படியிலிருந்து எண்ணெய் காயும் மணம் வந்தது.

கோயில் மணி ஆறு அடித்தது. மூலையில் அமர்ந்திருந்த நண்பரின் வயது முதிர்ந்த தாயார் சிலுவை அடையாளம் வரைந்து, மூவேளை செபத்தைத் தனியே சொல்லி முடித்தார். பின்னர் மகனைப் பார்த்து, "ஐயா, இன்றைக்காவது எல்லாரும் சேர்ந்து ஒரு செபமாலை சொல்லக்கூடாதா?" என்று கேட்டார். நண்பர் தலை நிமிராமலேயே, "நாளைக்குப் பார்ப்போம் அம்மா. இன்றைக்கு இந்த வீட்டில் யாருக்கு நேரமிருக்கிறது?" என்றார். பாட்டியார் மறுமொழி கூறவில்லை. தம் கையிலிருந்த மணிகளைத் தனியாக உருட்டத் தொடங்கினார்.

அவ்வேளையில் வீட்டு அம்மையார் ஒரு தட்டு நிறைய அதிரசம் கொண்டுவந்து நம்முன் வைத்தார். முந்தின நாள் அதிகாலை முதல் அவர் அடுப்பை விட்டு நகரவில்லை என்பதை அவர் முகமே கூறிற்று. நாம் நான்கு அதிரசங்களை உண்டோம். பாகின் பதம் அருமை என்று பாராட்டினோம். பாராட்டிவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

நள்ளிரவுத் திருப்பலியில் மறையுரை நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மையார் தூணில் சாய்ந்து உறங்கிவிட்டதைக் கண்டோம். மகள் முழங்கையால் மெல்ல இடித்து எழுப்பினாள். திருப்பலி முடிந்து, பாலன் இயேசுவின் சுரூபத்தை முத்தி செய்ய மக்கள் வரிசையில் நின்றபோது, அவர் பக்க வாயில் வழியாக விரைந்து வெளியேறினார். காலையில் வரவிருந்த உறவினர்களுக்காக இறைச்சியை இரவோடிரவாகப் பக்குவப்படுத்தி வைக்க வேண்டியிருந்ததாம்.

சனவரியில் ஒரு வார நாள் காலை, திருப்பலி முடிந்து வரும்போது அவரைக் கோயில் வாசலில் சந்தித்தோம். விழா நன்றாக நடந்ததா என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணாச்சி, எனக்குக் கல்யாணமாகி 22 கிறிஸ்மஸ் ஆகிவிட்டது. ஒரு குறையும் வைக்காமல் எல்லாக் கிறிஸ்மஸுக்கும் ஆக்கிப் போட்டிருக்கிறேன். குடிலுக்கு முன்னால் நிம்மதியாக முழங்கால் போட்டது எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். உன் பிறந்த நாளுக்கு நான் விருந்தாளியா, வேலைக்காரியா என்று பாலனிடமே கேட்டேன்."

அவர் சிரித்ததால் நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய நேரத்தை விழுங்கியவர்களுள் நாமும் ஒருவர் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நான்கு அதிரசங்களை நாம் மறக்கவில்லை.

நேரமில்லாதவர் யார்?

'இந்த வீட்டில் யாருக்கு நேரமிருக்கிறது' என்று நண்பர் கேட்டாரல்லவா? அக்கேள்வியை ஆராய்ந்து பார்ப்போம். அந்த மாலையில் அவருக்கு நேரம் இருந்தது. அதைக் கைப்பேசி வாங்கிக்கொண்டது. மகனுக்கும் மகளுக்கும் நேரம் இருந்தது. விளக்கும் வளையலும் வாங்கிக்கொண்டன. பாட்டியாருக்கு நேரம் நிறையவே இருந்தது. சேர்ந்து செபிக்க ஆள்தான் இல்லை. உண்மையிலேயே நேரமில்லாதவர் அவ்வீட்டில் ஒருவரே. அவர் அடுப்படியில் இருந்தார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

நம் இல்லங்களில் செபத்திற்கு நேரமில்லை என்று பொதுவாகப் பேசிவிடுகிறோம். எல்லாருக்கும் ஒரே காரணத்தால் நேரமில்லாமற் போவதில்லை. சிலருக்கு மனமில்லாமையால் நேரமில்லை. அவர்கள் மனத்தைத் திருப்பினால் போதும். வேறு சிலருக்கோ பிறர் சுமத்திய பாரத்தால் நேரமில்லை. அவர்களிடம் செபிக்கச் சொல்வது, தலையில் நிறைகுடத்தோடு நிற்பவரிடம் கைகுவிக்கச் சொல்வதை ஒக்கும். முதலில் யாரேனும் குடத்தை இறக்கிவைக்க வேண்டும்.

ஆகையால் விழாக் காலத்தில் குடும்ப செபத்திற்கு நேரம் தேடும்போது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'எத்தனை மணிக்கு?' என்பதன்று. 'யாருடைய வேலையை யார் பங்கிட்டுக்கொள்வது?' என்பதே. அடுப்படியில் ஒருவரை விட்டுவிட்டு முன்னறையில் மற்றவர்கள் சொல்லும் செபம் குடும்ப செபம் ஆகாது.

மார்த்தாவின் முறையீடு

பெத்தானியாவில் ஆண்டவரை வரவேற்ற இரு சகோதரிகளின் வரலாறு நாம் அனைவரும் அறிந்ததே (லூக்கா 10:38-42). மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்து கேட்டார். மார்த்தா பணிவிடையில் பரபரப்பாய் இருந்தார். மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டதாக ஆண்டவர் கூறினார். அந்தப் பகுதி வாசிக்கப்படும் ஞாயிறுகளில், மார்த்தாவைப்போல் வேலையில் மூழ்காமல் மரியாவைப்போல் அமர்ந்து கேளுங்கள் என்று மறையுரையில் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும், 'சாப்பாடு ஆயிற்றா?' என்று மார்த்தாவிடமே வினவுகிறோம்! கோயிலில் மரியாவைப் போற்றி, வீட்டில் மார்த்தாவை எதிர்பார்ப்பது நேர்மையாகுமா?

மார்த்தாவின் முறையீட்டைச் சற்று உற்று நோக்குவோம். சமையல் கடினம் என்று அவர் முறையிடவில்லை. தம்மைத் தனியாகப் பணிசெய்ய விட்டுவிட்டார்களே என்பதே அவருடைய மனத்தாங்கல். ஆண்டவர் அவரைப் பெயர் சொல்லி இருமுறை அழைத்தார். அவ்விளிப்பில் கடிந்துகொள்ளுதலைவிடப் பரிவே மிகுந்திருக்கக் காண்கிறோம். மார்த்தாவும் தம் காலடியில் வந்து அமர வேண்டும் என்பதே அவருடைய ஆவல். அந்த ஆவல் நம் வீடுகளில் நிறைவேற வேண்டுமானால், நம்முள் சிலர் எழுந்து அகப்பையைக் கையில் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுப்படியில் பானைகளுக்கிடையிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று அவிலா நகர்ப் புனித தெரேசா தம் துறவு மடச் சகோதரிகளுக்கு ஆறுதலாக எழுதியிருக்கிறார். உண்மைதான். வேலைக்கு நடுவே இறைவனை நினைத்துக்கொள்ளும் தாய்மார் நம்மில் எத்தனையோ பேர். ஆனால் அப்புனிதை, கீழ்ப்படிதலின் பொருட்டுச் செபத்தை விட்டு வேலைக்குச் செல்ல நேர்ந்தோரைத் தேற்றவே அவ்வாறு எழுதினார். உதவக்கூடியவர்கள் உதவாமல் இருந்துகொண்டு, 'நீ அங்கேயே செபித்துக்கொள்' என்று கூறுவதற்கு அச்சொல்லைப் பயன்படுத்தலாகாது.

வைக்கோல் பரப்பியவருக்குக் கிடைத்த காட்சி

குடில் அமைக்கும் வழக்கத்தைப் பரப்பியவர் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் என்பதை அறிவோம். 1223-ஆம் ஆண்டு, இத்தாலி நாட்டில் கிரெச்சோ என்னும் மலைச் சிற்றூரில் அது நிகழ்ந்தது. விழாவுக்கு ஏறத்தாழ 15 நாள்களுக்கு முன்பே, அவ்வூரைச் சேர்ந்த யோவான் என்னும் தம் நண்பரை அழைத்து, தீவனத் தொட்டி, வைக்கோல், எருது, கழுதை ஆகியவற்றை ஆயத்தம் செய்யும்படி பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார். யோவான் அவ்வாறே செய்தார். விழா இரவில் ஊர் மக்கள் தீப்பந்தங்களோடு கூடிவந்தனர். தொட்டியின் மீது திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. திருத்தொண்டரான பிரான்சிஸ் நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார்.

அந்த இரவில் தொட்டியில் ஓர் அழகிய குழந்தை உறங்குவதையும், பிரான்சிஸ் அதை எழுப்புபவர்போல் அணைத்துக்கொள்வதையும் ஒருவர் கண்டார் எனப் புனிதரின் வரலாறுகள் கூறுகின்றன. புனித பொனவெந்தூர் எழுதிய வரலாற்றின்படி அக்காட்சியைக் கண்டவர் கிரெச்சோ ஊர் யோவானே. வைக்கோல் பரப்பியவருக்கே குழந்தையைக் காணும் பேறும் வாய்த்தது! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் யோவானை யாரும் அடுத்த வேலைக்கு அனுப்பிவிடவில்லை. அவரும் எல்லாரோடும் தொட்டிக்கு முன் நின்றார். நின்றதால் கண்டார். நம் இல்லங்களில் வைக்கோல் பரப்புகிறவர்களுக்கு அந்த வாய்ப்பை நாம் கொடுக்கிறோமா?

கன்னி மரியாவின் வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. வானதூதர் அறிவித்த செய்தியைக் கேட்டவுடன் அவர் மலைநாட்டுக்கு விரைந்து சென்று, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். திருச்சபை அன்றாடம் மாலைச் செபத்தில் பாடும் மரியாவின் புகழ்ப்பாடல் அந்த வீட்டில்தான் பிறந்தது. துணைக்கு ஒருவர் வந்த வீட்டில் செபம் தானாகவே மலர்ந்தது எனலாம்.

தந்தையரை நோக்கி ஒரு கேள்வி

குடும்பத்தை இல்லத் திருச்சபை எனக் கருதலாம் என்றும், சொல்லாலும் முன்மாதிரியாலும் பிள்ளைகளுக்கு முதன்முதலாக விசுவாசத்தை அறிவிப்பவர்கள் பெற்றோரே என்றும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டு திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில் கற்பித்தது. பத்து ஆண்டுகளுக்குப் பின், 1974-இல், மரியன்னை வணக்கத்தைப் பற்றி எழுதிய மடலில் திருத்தந்தை ஆறாம் பவுல் குடும்ப செபமாலையை வலியுறுத்தினார். குடும்பத்தினர் ஒன்றுகூடுவதே இக்காலத்தில் எளிதன்று என்பதையும், கூடினாலும் அதைச் செப வேளையாக மாற்றுவது கடினம் என்பதையும் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். ஆனால் சூழ்நிலைக்குப் பணிந்துவிடாமல் அதை வெல்ல முயல்வதே கிறிஸ்தவரின் இயல்பு என்றும் நினைவூட்டினார்.

அதே திருத்தந்தை 1976-இல் ஒரு பொதுச் சந்திப்பில் பெற்றோரை நோக்கிச் சில கேள்விகளை எழுப்பினார். பிள்ளைகளுக்குச் செபங்களைக் கற்றுத் தருகிறீர்களா என்று தாய்மாரைக் கேட்டவர், அத்தோடு நிறுத்திவிடவில்லை. உங்கள் பிள்ளைகளோடும் குடும்பம் முழுவதோடும் எப்போதாவது சேர்ந்து செபிக்கிறீர்களா என்று தந்தையரையும் கேட்டார். திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரையில் அக்கேள்விகளை அப்படியே எடுத்தாண்டார். ஆண்டுகள் பல கடந்தும் அந்தக் கேள்விக்கு நம் தந்தையர் பலர் இன்னும் விடை கூறாமல் இருக்கின்றனர். செபம் என்றால் அது பெண்களின் துறை, பாட்டியின் துறை என்று ஒதுங்கிக்கொள்கின்றனர். தந்தை முழங்காலிட்டிருப்பதைக் கண்ட பிள்ளைக்கு அந்தக் காட்சியே ஒரு மறைக்கல்வி நூல்.

செய்யத்தக்கவை சில

பெரிய தீர்மானங்கள் பெரும்பாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஆதலின் எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய சிறு செயல்கள் சிலவற்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, வேலைகளை எண்ணிப் பாருங்கள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து, விழா வரையில் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் செய்பவரின் பெயரை எழுதுங்கள். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருகிறதென்றால், அங்கேதான் உங்கள் குடும்ப செபத்திற்குத் தடை இருக்கிறது. ஐந்து வகைப் பலகாரங்கள் இரண்டாகக் குறைந்தால் விழா குறைந்துவிடாது. கடன் வாங்கி எடுக்கும் மூன்றாவது புத்தாடையும் அப்படித்தான். திருவருகைக் காலம் குறைந்தது 22 நாள், மிகுந்தால் 28 நாள். அத்தனை நாள்களையும் விட்டுவிட்டுக் கடைசி இரு நாள்களில் எல்லாவற்றையும் குவிப்பதே நம் களைப்புக்குக் காரணம்.

இரண்டாவது, ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு செபத்தைச் சேர்த்துவிடுங்கள். மாலையில் வாசல் விண்மீனுக்கு விளக்கேற்றுகிறோம். விளக்கு எரிந்தவுடன் அடுப்பை அணைப்போம், தொலைக்காட்சியை நிறுத்துவோம், கைப்பேசிகளை அலமாரியில் வைப்போம். கால் மணி நேரம் போதும். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள்கள் உள்ளன. லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை முதல் ஆறு நாள்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். 22-ஆம் நாள் மத்தேயு கூறும் புனித சூசையப்பரின் கனவையும், 23-ஆம் நாள் பெத்லகேம் பயணத்தையும், 24-ஆம் நாள் இடையர்களின் வருகையையும் வாசிக்கலாம். ஒவ்வொரு நாளும் வெவ்வேறு ஒருவர் வாசிக்கட்டும். வாசித்தபின் செபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி, ஒரு பாட்டுப் பாடி எழுந்துவிடலாம்.

மூன்றாவது, வேலையையே சேர்ந்திருக்கும் வேளையாக்குங்கள். மாவு பிசையும்போதும் முறுக்குப் பிழியும்போதும் எல்லாரும் சுற்றி அமர்ந்தால், ஒரு செபமாலை முழுவதும் சொல்லி முடிக்கலாம். நம் பாட்டிமார் காலத்தில் பல வீடுகளில் அப்படித்தான் நடந்தது. முறுக்கின் வடிவம் சற்றுக் கோணலாகும். ஆகட்டுமே! கோணலான முறுக்கும் உண்ணும்போது முறுக்குத்தான்.

நான்காவது, கீத பவனிக்குச் செல்லும் இளைஞர்களுக்கு ஒரு சொல். தெருத் தெருவாகச் சென்று பாலன் பிறந்தார் என்று அறிவிக்கும் உங்களுடைய உழைப்பைப் பாராட்டுகிறோம். புறப்படுமுன் உங்கள் வீட்டுக் குடிலுக்கு முன் ஐந்து நிமிடம் பெற்றோரோடு நில்லுங்கள். திரும்பி வந்ததும், உங்களுக்காகச் சோற்றை மூடிவைத்து விழித்திருக்கும் தாயை முதலில் உறங்க அனுப்புங்கள். உண்ட தட்டை நீங்களே கழுவிவையுங்கள். இடையர்கள் குழந்தையைக் கண்ட பிறகே ஊருக்கு அறிவித்தார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஐந்தாவது, தொலைவில் இருப்பவர்களை மறவாதீர்கள். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் மகன், மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரான மகள், விழா நாளிலும் பேருந்து ஓட்ட வேண்டிய தந்தை என்று நம் குடும்பங்கள் சிதறிக்கிடக்கின்றன. கைப்பேசியைப் பற்றிக் குறை கூறினோம். அதனால் விளையும் நன்மையையும் கூறத்தான் வேண்டும். குடிலுக்கு முன் அதைச் சாய்த்துவைத்து, தொலைவில் உள்ளவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு பத்து மணி சேர்ந்து சொல்லலாம். அந்தச் சில நிமிடங்கள் அயல்நாட்டு அறையில் தனித்திருக்கும் ஒரு மகனுக்குக் கிறிஸ்மஸ் முழுவதையும் கொண்டுசேர்த்துவிடும்.

இவற்றைச் செய்யும்போது ஒரு எச்சரிக்கை தேவை. செபம் இன்னொரு சுமையாகிவிடக் கூடாது. சிறு பிள்ளை நடுவில் உறங்கிவிட்டால் உறங்கட்டும். ஒரு நாள் தவறிப்போனால், மறுநாள் சச்சரவின்றித் தொடருங்கள். பெத்லகேம் தொழுவத்திலும் எல்லாம் ஒழுங்காகத் திட்டமிட்டபடி நடந்துவிடவில்லை.

எட்டு நாள் விழா

நாம் பெரும்பாலும் மறந்துவிடும் ஒரு செய்தி உண்டு. 25-ஆம் நாள் மாலையோடு விழா முடிந்துவிட்டதாக எண்ணுகிறோம். திருவழிபாட்டில் அன்றுதான் விழா தொடங்குகிறது. டிசம்பர் 25 முதல் சனவரி 1 வரை எட்டு நாள்களையும் திருச்சபை ஒரே பெருவிழாவாகக் கொண்டாடுகிறது. கிறிஸ்து பிறப்புக் காலம் அதன்பின்னும் ஆண்டவருடைய திருமுழுக்கு விழா வரையில் நீடிக்கிறது. விழாவுக்கு முன் ஓடியாடிக் களைத்தவர்களுக்காகத் திருச்சபைத் தாய் எடுத்துவைத்திருக்கும் பங்கு இது என்றே கூறலாம். அரையாண்டுத் தேர்வும் முடிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு விடுமுறை. பலகாரம் டப்பாவில் இருக்கிறது. புதிதாகச் சமைக்க வேண்டியதும் அதிகமில்லை. இந்த நாள்களில் குடிலின் விளக்கை அணைத்துவிடாமல், மாலைதோறும் அதன்முன் கூடுவது எளிது.

இந்த எட்டு நாள்களுக்குள் வரும் ஞாயிறன்று திருக்குடும்ப விழா வருகிறது. எட்டு நாள்களுக்குள் தனியாக ஞாயிறு அமையாத ஆண்டுகளில் டிசம்பர் 30-ஆம் நாள் அது கொண்டாடப்படுகிறது. அந்த ஒரு நாளையாவது தந்தையரும் மைந்தரும் அடுப்படியின் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் நாளாக நம் குடும்பங்கள் வழக்கமாக்கிக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சூசையப்பரும் இயேசுவும் நாசரேத்தில் உழைத்து வாழ்ந்தவர்களே. அன்று மாலைச் செபத்தைத் தாய் முன்னின்று நடத்தட்டும். அல்லது வெறுமனே அமர்ந்து கேட்கட்டும். மரியாவின் இடத்தில் ஒரு நாள் மார்த்தா அமரட்டும்.

அந்த அம்மையார் கூறியதை அவருடைய அனுமதியோடு நண்பரிடம் தெரிவித்தோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அண்ணாச்சி, எனக்கு அதிரசம் சுடத் தெரியாதே!" என்றார். "பாத்திரம் கழுவத் தெரியுமல்லவா?" என்று கேட்டோம். "தெரியும்" என்றார். "அப்படியானால் தொடங்கலாம்" என்றோம். அன்றிரவு தம் தாயாரின் அருகில் தரையில் அமர்ந்து அவர் செபமாலை சொன்னதாகப் பின்னர் அறிந்தோம். பாத்திரங்களைப் பற்றி நாம் விசாரிக்கவில்லை. இவ்வாண்டு விழா நெருங்குகிறது. அதிரசம் கிடைக்காவிட்டாலும் வருந்தமாட்டோம். நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் முத்தி செய்யும் வரிசையில் அந்த அம்மையார் நிற்கிறாரா என்று மட்டும் பார்க்கக் காத்திருக்கிறோம்.

வாசகக் குடும்பங்களே, உங்கள் வீட்டு வரிசையில் விடுபட்டுப்போகிறவர் யார்? தாயா, மனைவியா, மருமகளா, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணா? இன்றிரவே அவரிடம் சென்று, 'உங்கள் வேலையில் எதை நான் வாங்கிக்கொள்ளட்டும்?' என்று கேளுங்கள். குடிலில் பிறக்கும் பாலனுக்கு நாம் அளிக்கும் முதற் காணிக்கை அக்கேள்வியே ஆகட்டும். தொழுவத்தின் எளிய இருக்கையில் அன்னை மரியாவுக்கு ஓய்விடம் அமைத்துக் கொடுத்த புனித சூசையப்பர் நம் தந்தையருக்குத் துணைநிற்பாராக. பாலன் இயேசு நம் இல்லங்கள் அனைத்தையும் ஆசீர்வதிப்பாராக.